சட்டக் கல்லூரி வாசல் நம் பிள்ளைகளுக்கும்தான்!

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் மில் வாசலிலும் களத்துமேட்டிலும் ஒரே பேச்சுத்தான். பையனை எதில் சேர்ப்பது? பெண்ணை எங்கே அனுப்புவது? டாக்டர், இஞ்சினியர், நர்ஸ், வாத்தியார் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. வக்கீல் என்ற பெயர் மட்டும் நமது வீடுகளில் அபூர்வமாகவே காதில் விழுகிறது. “அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கிற படிப்பு. அதற்கு ஏதோ இங்கிலீஷ் பரீட்சை இருக்கிறதாம். லட்சக்கணக்கில் பணம் வேண்டுமாம்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இதில் பாதி உண்மை, பாதி பொய். உண்மையான பாதியை எதிர்த்து நாம் போராட வேண்டும். பொய்யான பாதியை நம்பி நம் பிள்ளைகளின் வாழ்வைப் பாழாக்கிவிடக் கூடாது. ஆகவே சட்டப் படிப்பில் சேரும் வழி என்ன, நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா, அதற்கு எப்படித் தயாராவது என்பதை இந்த வாரம் விரிவாக எழுதுகிறோம்.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

உழைப்பாளி மக்களுக்குக் கோர்ட்டு புதிதல்ல. கோர்ட்டு வாசல்படியைத் தேய்த்த கால்கள் நம்முடைய கால்கள். ஆனால் நாம் எப்போதும் கூண்டில்தான் நின்றோம். கறுப்பு அங்கி மாட்டி வாதாடும் இடத்தில் நின்றது வேறு வர்க்கம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதாரர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973-ல் விடுதலை செய்தது. பெரிய நிலச் சொந்தக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பதும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட ஒரு நியாயம்! சேற்றில் கால் வைத்துப் பழகியவர்கள் சட்டம் படித்து அந்த மன்றத்தில் அமர்ந்திருந்தால் இப்படிப்பட்ட நியாயம் பேனாவில் வந்திருக்குமா என்று நாம் கேட்கிறோம்.

மில் தொழிலாளிக்கும் இதே கதைதான். 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்தை நமது மூத்த தோழர்கள் வேலைநீக்க வழக்குகளிலும் ஆலை மூடல் வழக்குகளிலும் அடிபட்டு அடிபட்டுப் படித்தார்கள். சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமில்லை. சங்க நிர்வாகியே தொழிலாளிக்காகப் பேசலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. எட்டாம் வகுப்புப் படித்த தோழர்கள்கூட அப்படி வாதாடிச் சம்பள பாக்கியை வாங்கிக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 100 பேர் வேலை செய்யும் ஆலையை மூடவே சர்க்காரின் அனுமதி வேண்டும் என்று முன்பு இருந்தது. இப்போது 300 பேருக்குக் குறைவாக இருந்தால் அனுமதியே தேவையில்லை. பழைய ஷரத்துக்களை மனப்பாடமாகச் சொன்ன தோழர்களும் புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய காலம் இது. இந்த வேளையில் நம் வீட்டிலிருந்து சட்டம் படித்த பிள்ளைகள் வராவிட்டால் வேறு யார் வருவார்கள்?

இரண்டு வாசல்கள்

சட்டப் படிப்புக்கு நம் நாட்டில் முக்கியமாக இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். மற்றொன்று, மாநில அரசின் சட்டக் கல்லூரிகள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நமது ஜனங்கள் பயந்துபோகிறார்கள்.

முதல் வாசலை முதலில் பார்ப்போம். பெங்களூரில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியில் 1988-ல் முதல் வகுப்பு தொடங்கியது. அதைப் பார்த்துப் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்கள் தோன்றின. நமது மாநிலத்தில் திருச்சிக்கு அருகே நாவலூர் குட்டப்பட்டில் 2012-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒன்று அமைந்தது. முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனிப் பரீட்சை வைத்தது. 2008-ல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கிளாட் என்ற பொது நுழைவுப் பரீட்சையைத் தொடங்கின. இன்று இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதன் மூலமாகவே மாணவர்களைச் சேர்க்கின்றன. டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் தனிப் பரீட்சை வைக்கிறது.

பரீட்சை எழுதுகிறவர்கள் பல்லாயிரம் பேர். இடங்களோ சில ஆயிரங்களே. பெரிய கம்பெனிகளின் சட்ட வேலைகளுக்கும், டெல்லியின் பெரிய வக்கீல்களிடம் ஜூனியராகச் சேர்வதற்கும் இந்தப் பல்கலைக்கழகங்களிலிருந்துதான் முதலில் ஆள் எடுக்கிறார்கள். ஆகவே பணம் உள்ளவர்கள் பிள்ளைகளைப் பதினொன்றாம் வகுப்பிலிருந்தே பயிற்சி மையங்களுக்கு அனுப்பித் தயார் செய்கிறார்கள்.

கூலிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

இந்த வாசலில் நுழையும் செலவை நாம் நம்முடைய அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். கிளாட் பரீட்சைக்கு விண்ணப்பிக்க மட்டும் பொதுப் பிரிவினர் 4,000 ரூபாயும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் 3,500 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்குச் சலுகை 500 ரூபாய்! மீதியைக் கட்ட அவன் பத்து நாளுக்கு மேல் மண் வெட்ட வேண்டும்.

பரீட்சையில் தேறிய பிறகும் கதை முடியவில்லை. இடம் கேட்டுக் கவுன்சலிங்கில் பதிவு செய்ய 2025-ஆம் வருஷச் சேர்க்கையில் பொதுப் பிரிவினரிடம் 30,000 ரூபாயும், ஒதுக்கீட்டுப் பிரிவினரிடம் 20,000 ரூபாயும் கேட்டார்கள். இருபதாயிரம் என்றால் அறுபது நாள் கூலி. அதன் பிறகு படிப்புக் கட்டணம் பல இடங்களில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாளும் ஓய்வில்லாமல், ஒரு பைசாவும் செலவில்லாமல் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உழைத்தால் ஒரு வருஷக் கட்டணம் தேறும். படிப்போ ஐந்து வருஷம்!

பணத்தைவிடப் பெரிய பூட்டு ஒன்று இருக்கிறது. அது பாஷை. கிளாட் பரீட்சை இங்கிலீஷில் மட்டுமே நடக்கிறது. டாக்டர் படிப்புக்கான நீட் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். இஞ்சினியர் படிப்புக்கான ஜேஇஇ முதன்மைப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். சட்டம் படித்து முடித்தவர்கள் வக்கீல் தொழில் செய்யத் தகுதியானவர்களா என்று பார்க்க இந்திய பார் கவுன்சில் நடத்தும் பரீட்சையைக்கூடத் தமிழில் எழுத வழி செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் படிக்க உள்ளே நுழையும் பரீட்சை மட்டும் இங்கிலீஷில்தான்! வீட்டை விட்டு வெளியே போகும் வாசலில் தமிழுக்கு இடம் உண்டு. உள்ளே வரும் வாசலில் கிடையாது. இது என்ன நியாயம்?

2023-ல் இதை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடப்பட்டது. மற்றப் பாஷைகளிலும் பரீட்சை நடத்தலாம் என்று பார் கவுன்சிலே ஆதரவு தெரிவித்தது. ஆனாலும் 2025 டிசம்பரில் நடந்த பரீட்சையும் இங்கிலீஷிலேயே நடந்தது.

“உயர்நீதிமன்றத்திலும் சுப்ரீம் கோர்ட்டிலும் இங்கிலீஷ்தானே? அது தெரியாதவன் வக்கீலாகி என்ன செய்வான்?” என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் விஷயம் இல்லாமல் இல்லை. நம் பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியும் தமிழில் சொல்கிறான். கட்சிக்காரனும் தமிழில் அழுகிறான். ஐந்து வருஷப் படிப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய பாஷையைப் பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் காட்டியாக வேண்டும் என்பது அறிவைச் சோதிப்பது ஆகாது. எந்தப் பள்ளியில் படித்தாய், உன் அப்பனிடம் எவ்வளவு பணம் இருந்தது என்று சோதிப்பதுதான் அது.

நமக்குத் திறந்திருக்கும் வாசல்

இப்போது இரண்டாவது வாசலுக்கு வருவோம். நமது வாசகர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் இது. தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளில் சேர நுழைவுப் பரீட்சை இல்லை! பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்தே ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் இடம் கொடுக்கிறார்கள். ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்களுக்குப் பட்டப் படிப்பு மார்க்கை வைத்து மூன்று வருஷப் படிப்பில் இடம் கொடுக்கிறார்கள். 1891-ல் தொடங்கிய சென்னைச் சட்டக் கல்லூரியின் வழிவந்த கல்லூரிகளும், மதுரை, திருச்சி, கோவை, நெல்லை, செங்கல்பட்டு, வேலூர், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி முதலிய ஊர்களின் கல்லூரிகளும் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் கட்டணமும் கூடுதல். இடம் பிடிக்கத் தேவையான மார்க்கும் கூடுதல்.

இந்த வாசலில் நமக்கு என்ன வாய்ப்பு? ஐந்து வருஷப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பொதுவாக 45 சதவீத மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 40 சதவீதம் போதும். இது விண்ணப்பிக்கத் தகுதி. இடம் கிடைக்க அதைவிட அதிகம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு அமலில் இருக்கிறது. பிற்பட்டோருக்கு 26.5, பிற்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, அருந்ததியருக்கான 3 சதவீதத்தையும் சேர்த்துத் தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 சதவீதம் பொதுப் போட்டி. அது எந்த ஒரு ஜாதிக்கும் ஒதுக்கிய பங்கு அல்ல. நல்ல மார்க் வாங்கிய நம் பிள்ளையும் முதலில் அந்தப் பொதுப் போட்டியில்தான் கணக்கிடப்பட வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு உரிமையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற் படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021-ல் சட்டம் வந்தது. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். அப்படிச் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது. பஞ்சாயத்துப் பள்ளியில் படித்தது குறை என்று வெட்கப்பட்ட பிள்ளைக்கு அதுவே கையில் ஒரு சீட்டு!

விண்ணப்பிக்கும்போது செய்யும் தவறுகளால்தான் பல பிள்ளைகள் இடத்தை இழக்கிறார்கள். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைப் பரீட்சை முடிவு வந்த பிறகு தேடி அலையக் கூடாது. பரீட்சை முடிந்த மறுவாரமே இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும். சென்னை, மதுரை, கோவை என்று பெரிய ஊர்களை மட்டும் குறிக்காமல் எல்லாக் கல்லூரிகளையும் வரிசையாகக் குறிக்க வேண்டும். பெரிய ஊரில் கிடைக்காத இடம் புதிய கல்லூரியில் கிடைக்கும்; பட்டம் ஒன்றுதான்.

தபாலில் படித்துப் பட்டம் வாங்கிய தொழிலாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை. பத்தும் பன்னிரண்டும் முறையாகத் தேறாமல், நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தைச் சட்டப் படிப்புக்குப் பார் கவுன்சில் விதி ஏற்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அழுவதைவிட முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பரீட்சைக்கு எப்படித் தயாராவது?

இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக முதல் வாசலைப் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கே விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு வாசலையும் தட்ட வேண்டும். சில வருஷங்களாகக் கிளாட் பரீட்சை டிசம்பர் மாதத்தில், பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே நடக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். இங்கிலீஷ், நாட்டு நடப்பு, சட்ட யோசனை, தர்க்கம், கணக்கு என்று ஐந்து பகுதிகள். நாட்டு நடப்பிலும் சட்ட யோசனையிலும் தலா 28 முதல் 32 கேள்விகள் வரும். கணக்கில் 10 முதல் 14தான். ஒரு பாராவைக் கொடுத்து, அதைப் படித்து அதிலிருந்து பதில் சொல்லச் சொல்கிறார்கள். சரியான பதிலுக்கு ஒரு மார்க். தப்பான பதிலுக்குக் கால் மார்க் குறையும்.

சட்டப் பகுதி என்றதும் பயப்பட வேண்டாம். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியை அவர்களே கொடுத்துவிடுவார்கள். உதாரணமாக, “வேலையின்போது தொழிலாளி செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பாளி” என்று விதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மில்லின் லாரி டிரைவர் நூல் மூட்டை ஏற்றிப் போகும்போது ஒருவர் மீது மோதிவிட்டார். நஷ்ட ஈடு யார் கொடுப்பது? மில் முதலாளி. அதே டிரைவர் லீவு நாளில் யாரிடமும் சொல்லாமல் லாரியை எடுத்துக்கொண்டு மைத்துனன் கல்யாணத்துக்குப் போகும்போது மோதிவிட்டால்? அது வேலையின்போது நடந்ததல்ல. ஆகவே அந்த விதி பொருந்தாது. இவ்வளவுதான் விஷயம். சங்கக் கூட்டத்தில் “இது டூட்டி நேரமா, இல்லையா?” என்று மணிக்கணக்கில் வாதாடுகிற நமக்கு இது புதிய வித்தையா என்ன?

தினம் ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. நூலகத்தில் இங்கிலீஷ் பத்திரிகையின் ஒரு தலையங்கத்தை எடுத்து முதலில் மெதுவாகவும் பிறகு கடிகாரம் வைத்து வேகமாகவும் படிக்க வேண்டும். தெரியாத வார்த்தைகளை நோட்டில் எழுத வேண்டும். அதே செய்தியைத் தமிழ்ப் பத்திரிகையில் முதலில் படித்துவிட்டால் இங்கிலீஷில் படிக்கும்போது பாதிப் பாரம் குறையும். கணக்குக்குப் பத்தாம் வகுப்பு வரையிலான சதவீதம், விகிதம், சராசரி போதும். பரீட்சையை நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இருக்கின்றன. அவற்றை ஞாயிற்றுக்கிழமை தோறும் நேரம் குறித்து எழுதிப் பார்க்க வேண்டும். நான்கு விடைகளில் இரண்டு தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து எழுதலாம். ஒன்றுமே புரியாத கேள்வியில் நேரத்தை வீணாக்கக் கூடாது. இந்தத் தயாரிப்பு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைக் கெடுக்கும்படி விடக் கூடாது. இரண்டாவது வாசலின் சாவி அந்த மார்க்தான்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ‘ஐடியா’ என்ற அமைப்பு, சட்டக் கல்லூரி மாணவர்களையே ஊர் ஊராக அனுப்பி ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்தது. கண் தெரியாத பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் அந்த வழியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறார்கள். அவர் 2019-ல் காலமாகிவிட்டார். அவர் காட்டிய வழி இருக்கிறது.

கேட்டால்தான் கிடைக்கும்

படித்து முடித்த பிறகும் ஒரு சுங்கச் சாவடி இருந்தது. வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்று 1961-ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டம் சொல்கிறது. மாநில பார் கவுன்சில்களோ 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வசூல் செய்துகொண்டிருந்தன. சட்டம் தெரிந்தவர்களின் சபையே சட்டத்துக்கு மேல் வாங்கியது! 2024 ஜூலை 30-ல் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. யாரோ கேட்டார்கள், கிடைத்தது. கேட்காமல் இருந்திருந்தால் இன்றும் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஆகவே நாமும் கேட்போம். கிளாட் பரீட்சையைத் தமிழிலும் மற்ற இந்திய பாஷைகளிலும் நடத்து! கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கட்டணத்தையும் கவுன்சலிங் கட்டணத்தையும் ரத்து செய்! மாவட்டந்தோறும் அரசுப் பள்ளிகளில் சட்ட நுழைவுப் பரீட்சைக்கு இலவசப் பயிற்சி கொடு! அரசுச் சட்டக் கல்லூரிகளில் காலியாக உள்ள ஆசிரியர் இடங்களை நிரப்பு. போதுமான விடுதி கட்டு!

கோரிக்கை எழுப்புவதோடு நமது கடமை தீரவில்லை. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் மாலையில் ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். இரண்டு பத்திரிகைகள் வாங்கிப் போடுங்கள். ஊரில் சட்டம் படிக்கும் பையனோ பெண்ணோ இருந்தால் ஞாயிறு தோறும் அழைத்து வந்து சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மே மாதத்தில் விண்ணப்பம் நிரப்ப ஒரு தோழரைப் பொறுப்பாக நியமியுங்கள். பெண் பிள்ளைகளை “வக்கீலாகி என்ன செய்யப் போகிறாய்?” என்று தடுக்காதீர்கள். மில்லில் ராத்திரி ஷிப்டிலும் வயலில் நடவிலும் நம் பெண்கள் படும் பாட்டைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

நம் வீட்டில் பிறந்துவிட்டால் மட்டும் ஒருவன் நமக்காக வாதாடிவிட மாட்டான் என்பதும் நமக்குத் தெரியும். படித்து மேலே போய் நம்மை மறந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் சங்க அலுவலக பெஞ்சில் படித்தவன், விண்ணப்பக் கட்டணத்துக்கு ஷிப்டு முழுவதும் பத்துப் பத்து ரூபாயாகப் போட்டுக் கொடுத்ததைக் கண்டவள், அவ்வளவு சுலபமாக மறந்துவிட முடியாது. அந்த பெஞ்சை இந்த வாரமே போடுங்கள், தோழர்களே!